ஒரு கால் மட்டும் வெள்ளை

தீபாவளியன்று சாயங்காலம் எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா வைத்தார்கள். அது வெடித்து முடிவதற்குள் பிரவுனி கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. இத்தனைக்கும் அது கேட்டைத் தாண்டும் நாய் இல்லை. சோபாவில் ஏறவே யோசிக்கும்.

மறுநாள் காலை ஸ்ரீநிவாசன் நடக்கப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கழுத்துப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது டாக்டர் அவரை தினமும் கேம்ப் ரோடு வரை நடந்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். ஸ்ரீநிவாசன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். காரணமில்லாமல் எங்கும் போய்த் திரும்புவது அவருக்கு வழக்கமில்லை. அதனால் மகள் மிருதுளா ஒரு காரணத்தைக் கொண்டுவந்தாள். தெருவில் அலைந்த குட்டி. பழுப்பு நிறம். முன்னங்கால் ஒன்று மட்டும் முட்டி வரை வெள்ளை, பள்ளிக்கூடத்துக் காலுறை போட்ட மாதிரி. பிரவுனி என்று பெயர் வைத்தார்கள். சேலையூரில் பழுப்பு நாய்கள் எல்லாமே பிரவுனிதான். கறுப்பாக இருந்தால் பிளாக்கி. பெயர் வைப்பதில் இந்த ஊர் நேரத்தை வீணாக்குவதில்லை.

பிரவுனி தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் வரை அவரை இழுத்துக்கொண்டு போகும். அங்கே அதன் வேலை முடிந்துவிடும். இருவரும் திரும்பிவிடுவார்கள். கேம்ப் ரோடு இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. டாக்டரிடம் அவர் கேம்ப் ரோடு என்றே சொல்லிவந்தார்.

இப்போது டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை என்றாகிவிட்டது.

“நடக்கலாம்பா. நான் வரேன்,” என்றாள் மிருதுளா.

“நீ என்ன நாயா?” என்றார்.

மிருதுளாவுக்கு வேலை பாக்கெட் வடிவமைப்பது. கோதுமை மாவு, கொசுவத்தி, குளியல் சோப்பு எல்லாவற்றுக்கும் உறை போடுவாள். அவள் எது அனுப்பினாலும் வாடிக்கையாளர்கள் ஒரே பதிலை அனுப்புவார்கள்: ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கள் லோகோவை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். இந்த வாக்கியத்தின் துணையில் அவள் வீட்டுக்கடனைக் கட்டிவந்தாள்.

அவள் மதித்த வேலைகளை யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. பால் பாக்கெட்டை இந்தப் பக்கம் யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணு என்பார்கள். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், கண்ணாடி போடாமல் கேட்டாலும் சரியான பால் கிடைக்கும். தாம்பரம் ஸ்டேஷன் பெயர்ப் பலகை இன்னொன்று. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. நிற்காமல் போகிற ரயிலில் இருந்தும் படிக்கலாம். அதில் யாருடைய புகைப்படமும் இல்லை. எப்படித் தப்பியதோ.

அப்பாவின் மாத்திரை டப்பாக்களில்கூட அவள் ஏதோ ஒட்டியிருந்தாள். காலை டப்பாவில் மஞ்சள் வட்டம், ராத்திரி டப்பாவில் நீலப் பிறை. அதற்குப் பிறகு அவர் மாற்றிப் போட்டதில்லை. இதுவும் டிசைன்தான் என்று ஒருமுறை சொன்னாள். இது ஸ்டிக்கர் என்று அவர் திருத்தினார்.

மூன்றாம் நாள் அவள் ஒரு தாள் தயார் செய்தாள். மஞ்சள் தாள். நடுவே ஒரு நாயின் முன்னங்கால். மேலே பழுப்பு, கீழே வெள்ளை. அதற்கடியில் கறுப்பில்: ஒரு கால் மட்டும் வெள்ளை. பார்த்தால் சொல்லுங்கள். பிறகு அப்பாவின் போன் நம்பர், பெரிதாக. மற்ற இடமெல்லாம் வெறும் மஞ்சள்.

ஸ்ரீநிவாசன் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். பின்பக்கம் மீதி இருக்கும் என்று நினைத்தார்.

“என்னம்மா இது, முக்கால்வாசி காலியா இருக்கு?”

“காலியா இருந்தாதான்பா கண்ணுல படும்.”

“மூஞ்சியே இல்லையே.”

“மூஞ்சி எல்லா பிரவுனிக்கும் ஒண்ணுதான். கால்தான் நம்மது.”

அவர் தாளை மேசை மேல் வைத்து அதன் மேல் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்தார். காலியிடம் ஓரளவு குறைந்தது.

அந்த நேரம் பார்த்து வேதாசலம் வந்தார். ஸ்ரீ பத்மஜா நகர் விரிவு குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். இப்போது நகரைக் கண்காணித்தார். அனுதாபம் தெரிவித்தார். காபி குடித்தார். பிறகு கேட்டார்: “சங்கம் எதுக்கு சார் இருக்கு?”

இந்தக் கேள்வியை நகரில் பலரும் பல வருடங்களாகக் கேட்டுவந்தார்கள்.

வேதாசலம் மஞ்சள் தாளைப் பார்த்தார். பாப்பா நன்றாகத்தான் போட்டிருக்கிறாள், ஆனால் யார் ஒட்டியது என்று தெரியவில்லையே, மொட்டைக் கடிதம் மாதிரி இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். பாப்பாவுக்கு முப்பத்தாறு வயது. சங்கத்தின் சார்பில் பேனர் வைப்போம், கேம்ப் ரோடு முனையில், ஆளுயரத்துக்கு மேல், ஊரே பார்க்கும் என்றார். ஸ்ரீநிவாசனின் முகத்தில் தீபாவளிக்குப் பிறகு முதல் முறையாக வெளிச்சம் வந்தது.

“நீ ஒட்டப்போறது கையளவு தாள்,” என்றார் அப்பா, வேதாசலம் போன பிறகு. “அவர்கிட்ட ஏணி இருக்கு.”

சங்கத்தின் செயற்குழு அன்று மாலையே கூடியது. தண்ணீர் லாரி பிரச்சினைக்கு இவர்கள் கூடி மிருதுளா பார்த்ததில்லை. கூட்டத்தில் நாயைப் பற்றிச் சுருக்கமாகவும் தலைகளைப் பற்றி விரிவாகவும் பேசினார்கள். பேனரில் செயலாளர் ஷ்யாம்சுந்தரின் தலை தலைவரின் தலையைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். பொருளாளர் கேஷவின் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கேஷவ் சம அளவு கேட்டார். போன பொங்கல் பேனரில் தன் காது வெட்டுப்பட்டதை நினைவுபடுத்தினார். காதுக்கு உத்தரவாதம் தரப்பட்டது. பிறகு உறுப்பினர்கள், வட்டங்களில். நாயின் சொந்தக்காரர் என்ற முறையில் ஸ்ரீநிவாசனுக்கும் ஒரு வட்டம் ஒதுக்கினார்கள். அவர் வேண்டாம் என்றார். ஒருமுறைதான் சொன்னார்.

மேற்குத் தாம்பரத்தில் லாசரஸ் என்பவரின் ஃபிளெக்ஸ் கடையில் எல்லா விழாவுக்கும் பேனர் தயாராகும். காதுகுத்து, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி. மிருதுளா கடைசி முயற்சியாக மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். லாசரஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இன்னாக்கா இது, பாதில வுட்ட மாரி கீது.”

முடித்ததுதான் என்றாள்.

“ஸ்கொயர் ஃபீட்டுக்குத்தான்க்கா ரேட்டு. காலியா வுட்டாலும் அதே துட்டு. சும்மா எதுக்கு வுடணும்? ரெண்டு புறா வச்சித் தரேன்.”

இதற்கு எதிராக அவள் ஐந்து வருடம் கல்லூரியில் படித்த எதுவும் நிற்கவில்லை. திரும்பிவிட்டாள்.

பேனர் மறுநாள் ஏறியது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. உச்சியில் காணவில்லை என்று தீப்பிடித்த எழுத்துகள். நேர் கீழே இடுப்பு வரை வேதாசலம், கைகூப்பி, ஆளைவிடப் பெரிய அளவில். பின்னால் மேகமும் சூரியக் கதிர்களும். இடப்பக்கம் ஷ்யாம்சுந்தர், காதில் செல்போனோடு. யாரோ முக்கியமானவரிடம் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. வலப்பக்கம் கூலிங் கிளாஸில் கேஷவ், இரண்டு காதோடும். அதற்குக் கீழே வட்டங்கள். வட்டங்களுக்கு நடுவே புறாக்கள். கண்டுபிடித்துத் தருவோருக்குத் தக்க சன்மானம் என்று ஒரு வரி. ஸ்ரீநிவாசனின் போன் நம்பர்.

ஸ்ரீநிவாசனும் பிரவுனியும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றைத்தான் கொடுத்திருந்தார்கள். லாசரஸ் அதிலிருந்து இரண்டு தலைகளை வெட்டி எடுத்தார். ஒன்று கடைசிக்கு முந்தைய வட்டத்துக்குப் போனது. இன்னொன்று வலது கீழ் மூலைக்கு, கடையின் பெயருக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவில். வட்டத்துக்குள் கால் கொள்ளாது. வெள்ளைக் காலை யாரும் பார்க்கவில்லை.

செயற்குழு பேனருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டது.

அடுத்த நாள் சாயங்காலம் ஸ்ரீநிவாசனுக்கு முதல் போன் வந்தது. மிருதுளா அறைக்குள் ஒரு வாடிக்கையாளருடன் காணொலியில் இருந்தாள். லோகோ பெரிதாகிக்கொண்டிருந்தது. அவர் தனியாக எடுத்தார்.

“சார், ரவி பேசறேன், கேம்ப் ரோடு ஆட்டோ. காணாம போனவரு கெடச்சிட்டாரு.”

ஸ்ரீநிவாசன் நாற்காலியில் இருந்து எழுந்தார். “அடிகிடி பட்டிருக்கா?”

“அதெல்லாம் நல்லாத்தான் கீறாரு. டீ குடிச்சிகினு கீறாரு.”

“டீயா?”

“சக்கர தூக்கலா கேட்டாரு சார். பேனர்ல கீறாரே, பெரிய மூஞ்சி, கை கூப்பிகினு. அவர்தான்.”

“அவர் காணாம போகலைப்பா. நாய்தான்.”

“இன்னா சார் நீ. வூட்டுப் பெரியவர போயி நாயின்ற. அதான் மனுசன் வெளிய வந்துட்டாரு.”

வந்து அழைத்துப் போகும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ரவி வைத்துவிட்டார். பின்னணியில் வேதாசலத்தின் குரல் கேட்டது. தான் தலைவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆமா சார், நீங்கதான் தலைவர், உக்காருங்க என்று பலர் சொல்வதும் கேட்டது.

ஸ்ரீநிவாசன் செருப்பை மாட்டினார். தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ இல்லை. ஓட்டுநர்கள் எல்லோரும் வேதாசலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நடந்தார். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினார். தாண்டியது அவருக்குத் தெரியவில்லை.

கேம்ப் ரோடு முனை டீக்கடையில், பேனருக்கு நேர் கீழே, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வேதாசலம் இருந்தார். கையில் யாரோ வாங்கிக் கொடுத்த பன். சுற்றிலும் கூட்டம். சர்க்கரை நோய்க்காக வீட்டில் டீ நிறுத்தப்பட்டவர் அவர். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வருவது. ஒரு அம்மாள் அவர் தோளைத் தடவி, எதுவாக இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சார், நீங்களே சொல்லுங்க, நான் யாருன்னு,” என்றார் வேதாசலம்.

ஸ்ரீநிவாசனுக்கு மூச்சு வாங்கியது. “இவர் எங்க சங்கத் தலைவர்.”

“அததான் சார் இவரும் சொல்லிகினே கீறாரு,” என்றார் ரவி, பரிவோடு.

“காணாம போனது அது.” ஸ்ரீநிவாசன் பேனரின் மூலையைக் காட்டினார். கூட்டம் கழுத்தை நீட்டியது. ரவி கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தார்.

“இதுவா? பிரிண்ட் போட்ட கடையோட மார்க்குன்னுல்ல நெனச்சேன்.”

கூட்டம் மெல்லக் கலைந்தது. சிலர் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. பன்னை என்ன செய்வது என்று தெரியாமல் வேதாசலம் சாப்பிட்டு முடித்தார்.

ஸ்ரீநிவாசன் நடந்தே திரும்பினார். வீட்டில் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மிருதுளாவின் அறைக் கதவைத் தட்டினார்.

“அந்த மஞ்சத் தாள் இருக்கா?”

பேனர் அன்றிரவே இறங்கிவிட்டது. காற்று என்று சங்கம் விளக்கியது.

மிருதுளா தாள்களை மழைக்குத் தாங்கும்படி பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்கூட்டரில் எடுத்துப் போனாள். ஜனங்கள் போகிற இடத்தில் ஒட்டவில்லை, நிற்கிற இடத்தில் ஒட்டினாள். பஸ் நிறுத்தம், பால் பூத், பரோட்டா மாஸ்டர் கையைப் பார்த்துக்கொண்டு பார்சலுக்குக் காத்திருக்கும் இடம். நின்றவனின் கண் உயரத்தில். ராஜகீழ்ப்பாக்கம் வரை போனாள்.

போன் வரத் தொடங்கியது. தாள் தேவைக்கு அதிகமாகவே வேலை செய்தது. ஊரில் இத்தனை வெள்ளைக் கால்கள் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. சிட்லபாக்கத்தில் ஒரு வெள்ளைக் கால், ஆனால் பின்னங்கால். செம்பாக்கத்தில் நான்கும் வெள்ளை. ஒருவர் ஆடு என்றாலும் பரவாயில்லையா என்று கேட்டார். பேனர் காலத்துச் சன்மானம் ஞாபகத்தில் இருந்த ஒருவர் பழுப்பு நாய் ஒன்றை வீட்டுக்கே கயிறு கட்டி இழுத்துவந்தார். முன்னங்கால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. ஸ்ரீநிவாசன் குனிந்து தொட்டார். கையில் சுண்ணாம்பு ஒட்டியது. நாயும் அவரும் ஒருவரையொருவர் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

“அளவு சரியா எடுத்திருக்கான். முட்டி வரைக்கும்,” என்றாள் மிருதுளா. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஸ்ரீநிவாசனுக்கு இல்லை. மழை பிடித்துக்கொண்டது. அவர் மறுபடி வாசல் நாற்காலிக்குப் போய்விட்டார். போன் அடித்தால் மிருதுளாவிடம் நீட்டினார். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார், பிரவுனிக்கு ஒதுக்குவது போலவே, தட்டின் ஓரத்தில். மிருதுளா அதை எடுத்துக் கொட்டினாள்.

மழை விட்ட நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் கிறிஸ்டினா. பெரும்பாக்கம் குடியிருப்பில் வீடு. சேலையூரில் ஒரு பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை. தினமும் பஸ் நிறுத்தத்தில் அந்தத் தாளுக்கு எதிரில் நிற்பவள்.

“அக்கா, உங்க கால் இங்க கீது.”

எந்தக் கால், முன்னா பின்னா என்று மிருதுளா அலுப்போடு கேட்டாள்.

“முன்னங்கால்தான். எங்க பிளாக்குக்குக் கீழ ஒண்ணு வந்து படுத்துகினு கீது. மொத்தமா சேறு. இன்னா கலர்னே தெரியல. எனக்கு அந்த மஞ்ச பேப்பர் ஞாபகமாவே இருந்துச்சு. சரி பாப்போம்னு ஒரு கால மட்டும் கழுவினேன்.”

“அப்புறம்?”

“வெள்ளையா கீதுக்கா. முட்டி வரைக்கும். தேச்சும் பாத்துட்டேன். போவல.”

ரவியின் ஆட்டோவில் போனார்கள். ஸ்ரீநிவாசன் கழுத்துப் பட்டையை மடியில் வைத்திருந்தார். கட்டடத்தின் கீழே, சைக்கிள்களுக்கு நடுவே, ஒரு சேற்று உருண்டை படுத்திருந்தது. அதிலிருந்து ஒரு கால் மட்டும் சுத்தமாக வெளியே நீட்டியிருந்தது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. மற்றதெல்லாம் ஒரே நிறம். அதில் மிருதுளா தன் தாளையே பார்த்தாள்.

மற்ற கால்களையும் கழுவியிருக்கலாமே என்று ரவி கேட்டார். பேப்பரில் ஒன்றுதானே போட்டிருந்தது என்றாள் கிறிஸ்டினா. இப்படி ஒரு வாடிக்கையாளர் மிருதுளாவுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

ஸ்ரீநிவாசன் தரையில் உட்கார்ந்தார். டாக்டர் தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தார். சேறு அவர் சட்டையில் ஏறிக்கொண்டது. வால் பக்கத்துச் சேறும் ஆடியது.

சங்கம் சும்மா இருக்கவில்லை. கேம்ப் ரோடு முனையில் மறுபடி பேனர் ஏறியது. கிடைத்துவிட்டது என்று தங்க எழுத்துகள். கீழே வேதாசலம், அதே கைகூப்பு. இடப்பற்றாக்குறையால் நாய் சேர்க்கப்படவில்லை. கிறிஸ்டினாவுக்கு ஒரு வட்டம் தருவதாகச் சொன்னார்கள். வேலை செய்யும் இடத்தில் கேள்வி வரும், வேண்டாம் சார் என்றுவிட்டாள். அடுத்த சில நாட்கள் டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் வேதாசலத்தின் கையைப் பிடித்து, நல்லபடியாகத் திரும்பி வந்ததற்குச் சந்தோஷப்பட்டார்கள். அவர் டீயை நிறுத்திவிட்டார். டாக்டர் பல வருடம் சொல்லி நடக்காதது அது.

நடை மறுபடி தொடங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் வரை, திரும்பி. ஒட்டிய தாள்களைக் கிழித்துவிட வேண்டும், வேலை முடிந்த அறிவிப்பு சுவரில் இருக்கக் கூடாது என்று மிருதுளா சொன்னாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் ஸ்ரீநிவாசன். மறுநாள் அவரும் பிரவுனியும் திரும்பி வர வெகுநேரம் ஆனது. சட்டைப் பையில் ஒரு தடித்த மார்க்கர் பேனா இருந்தது.

அவள் பால் பூத்துக்குப் போனபோது பார்த்தாள். தாள் அங்கேயே இருந்தது. உறையின் மேல், காலுக்கு இடப்பக்கம் இருந்த காலியிடம் முழுக்க நெருக்கமான கையெழுத்து. மேற்படி நாய் கிடைத்துவிட்டது என்பதைப் பொதுமக்களுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும் நன்றி. இவண், டி. ஸ்ரீநிவாசன், பி.காம்., வங்கி மேலாளர் (ஓய்வு). வலப்பக்கம் தேதி. கீழே கையெழுத்து. கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடு.

பஸ் நிறுத்தத்திலும் அப்படியே. பரோட்டாக் கடையில் இன்னும் விரிவாக.

“அவ்வளவு இடம் சும்மா கெடந்தது,” என்றார் ராத்திரி சாப்பிடும்போது. தட்டு காலியாக இருந்தது. “இன்னிக்கு கேம்ப் ரோடு முடிச்சாச்சு. நாளைக்கு ராஜகீழ்ப்பாக்கம். வேற எங்க ஒட்டினே?”

மிருதுளா கொஞ்சம் யோசித்தாள்.

“மாடம்பாக்கத்துல கொஞ்சம் இருக்குப்பா. கோயில் வரைக்கும்.”

“அவ்வளவு தூரமா?” அவர் நாயைப் பார்த்தார். “சரி. எழுதாம விட முடியாது.”

மாடம்பாக்கத்தில் அவள் ஒட்டியிருக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மீதித் தாள்களை ஸ்கூட்டரில் எடுத்துப் போய் ஒட்டினாள். நிழல் உள்ள பக்கமாக, அவர் கண் உயரத்தில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி.